சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி ரத்தாகிவிட்டதா? டிரம்ப் சொன்னதும் சட்டத்தில் வந்ததும்

2024 ஜூலை இறுதியில், தேர்தல் பிரசாரத்தின் நடுவே, டொனால்ட் டிரம்ப் ஒற்றை வரியில் ஒரு வாக்குறுதி கொடுத்தார். அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து வரும் பணத்துக்கு மூத்த குடிமக்கள் வரி கட்டக் கூடாது என்றார். 2025 ஜூலை 4 அன்று அவருடைய பெரிய வரிச் சட்டம் கையெழுத்தானது. அதையொட்டி சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகமே ஓய்வூதியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. பயனாளிகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் இனி தங்கள் ஓய்வூதியத்துக்கு மத்திய வருமான வரி கட்ட வேண்டியிருக்காது என்று அதில் இருந்தது.

சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், ஓய்வூதியத்துக்கு வரி விதிக்கும் பழைய விதிகள் அப்படியே இருக்கின்றன. ஒரு எழுத்துகூட மாறவில்லை. மின்னஞ்சலும் சட்டமும் எப்படி இவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதில்தான் குழப்பமே. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது

சோஷியல் செக்யூரிட்டி 1935-ல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம். நம் ஊர் பி.எஃப். போல ஒவ்வொருவர் பெயரிலும் தனிக் கணக்கில் பணம் சேர்ந்துகொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்று வேலை செய்பவர்கள் கட்டும் வரியிலிருந்து இன்று ஓய்வில் இருப்பவர்களுக்குப் பணம் போகிறது.

அந்தச் சம்பள வரி மொத்தம் 12.4 சதவீதம். தொழிலாளி 6.2, முதலாளி 6.2. சுயதொழில் செய்பவர் இரண்டு பங்கையும் தானே கட்டுகிறார். இதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு. 2025-ல் 1,76,100 டாலர் வரையிலான சம்பளத்துக்குத்தான் இந்த வரி. அந்த ஆண்டில் 1,76,100 டாலர் சம்பாதித்தவரும் ஒரு கோடி டாலர் சம்பாதித்தவரும் ஒரே தொகையைத்தான் கட்டினார்கள்.

செலவை மிஞ்சி வரவு இருந்த காலத்தில் மிச்சப் பணம் அரசின் சிறப்புக் கடன் பத்திரங்களாக டிரஸ்ட் ஃபண்ட் என்ற இருப்பு நிதியில் சேர்ந்தது. 2024 முடிவில் அதன் இருப்பு ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி டாலர். பெரிய தொகைதான். ஆனால் 2021 முதல் வட்டியையும் சேர்த்த மொத்த வரவைவிடச் செலவு அதிகம். இருப்பு ஆண்டுதோறும் கரைகிறது. 1960-ல் ஒரு பயனாளிக்கு வரி கட்டும் தொழிலாளர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். இப்போது மூன்று பேருக்கும் குறைவு. குழந்தைப் பிறப்பு குறைந்ததும், ஆயுள் நீண்டதும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெரிய தலைமுறை ஓய்வு பெற்றதும் சேர்ந்து செய்த வேலை இது. எந்தக் கட்சியையும் இதற்குக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது, தெரிந்தும் தள்ளிப்போட்டதைத்தான்.

ஓய்வூதியத்துக்கு வரி எப்படி வந்தது

1983-ல் நிதி கிட்டத்தட்ட காலியாகும் நிலைக்கு வந்தது. பொருளாதார நிபுணர் ஆலன் கிரீன்ஸ்பான் தலைமையில் ஒரு குழு. குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகன் குடியரசுக் கட்சி, கீழவைத் தலைவர் டிப் ஓ'நீல் ஜனநாயகக் கட்சி. இருவரும் உடன்பட்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். முழு ஓய்வு வயது 65-லிருந்து படிப்படியாக 67 ஆனது. கூடவே, ஓய்வூதியத்தில் பாதி வரை வருமான வரிக்கு உட்படும் என்ற விதியும் வந்தது. 1993-ல் பில் கிளின்டன் காலத்தில் அந்த உச்சம் 85 சதவீதம் ஆனது.

வரிக்கு உட்படுகிறதா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. மற்ற வருமானம், வரியில்லா வட்டி, ஓய்வூதியத்தில் பாதி மூன்றையும் கூட்ட வேண்டும். தனிநபருக்கு 25,000 டாலர், தம்பதிக்கு 32,000 டாலரைத் தாண்டினால் ஓய்வூதியத்தின் ஒரு பகுதி வரிக்கு வரும். 34,000, 44,000 தாண்டினால் 85 சதவீதம் வரை வரும்.

இங்கே ஒரு சூட்சுமம். இந்த வரம்புகள் விலைவாசியோடு உயர்வதில்லை. 1983-ல் 25,000 டாலர் என்பது வசதியானவரின் வருமானம். இன்று அது சாதாரணம். தொடக்கத்தில் பத்தில் ஒரு பயனாளிகூட இந்த வரியைக் கட்டவில்லை. இப்போது கிட்டத்தட்டப் பாதிப் பேர் வரை வந்துவிட்டது. மூத்தவர்களின் கோபத்துக்கு இதுதான் காரணம். அந்தக் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் அந்த வரிப் பணம் அரசின் பொதுக் கஜானாவுக்குப் போவதில்லை. முதல் அடுக்கு வரி சோஷியல் செக்யூரிட்டி நிதிக்கே திரும்பி வருகிறது. 1993-ல் சேர்ந்த கூடுதல் அடுக்கு, மூத்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் மருத்துவமனைக் காப்பீட்டு நிதிக்குப் போகிறது. 2024-ல் சோஷியல் செக்யூரிட்டிக்கு மட்டும் இந்த வழியில் சுமார் 5,500 கோடி டாலர் வந்தது. மொத்த வரவில் நான்கு சதவீதம்.

வேட்பாளராக டிரம்ப் என்ன சொன்னார்

2024 பிரசாரத்தில் அவர் சொன்னதை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. ஓய்வூதியத்தில் கை வைக்க மாட்டேன், ஓய்வு வயதையும் உயர்த்த மாட்டேன். குடியரசுக் கட்சியின் 2024 கொள்கை அறிக்கையிலேயே இது இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், இந்தத் திட்டங்களில் குறைக்க நிறைய இடமிருக்கிறது என்று அவர் சொன்னது சர்ச்சையானது. வீண்செலவையும் மோசடியையும்தான் சொன்னார் என்று அவர் தரப்பு உடனே விளக்கம் தந்தது.

2. ஓய்வூதியத்துக்கு வருமான வரி கூடாது.

3. பற்றாக்குறைக்குப் பணம்? பொருளாதார வளர்ச்சியும், நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெயும் எரிவாயுவும் பார்த்துக்கொள்ளும்.

முதலாவதும் இரண்டாவதும் தனித்தனியாகக் கேட்க நன்றாக இருக்கின்றன. சேர்த்து வைத்தால் இடிக்கும். செலவைக் குறைக்க மாட்டேன் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, வரவில் ஒரு வாய்க்காலை அடைக்கிறேன் என்று மறுபக்கம் சொல்வது அது. மூன்றாவது அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். வளர்ச்சி உதவும் என்பது உண்மை. சம்பளம் உயர்ந்தால் சம்பள வரியும் கூடும். ஆனால் சம்பளம் உயர்ந்தால் பிற்காலத்தில் ஓய்வூதியமும் உயரும். ஏனென்றால் அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சராசரியை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள்.

வாக்குறுதி எப்படி வரிக் கழிவாக மாறியது

அமெரிக்க செனட்டில் சாதாரணமாக ஒரு மசோதா தாண்ட 60 வாக்குகள் தேவை. குடியரசுக் கட்சிக்கு இருந்தது 53. பட்ஜெட் மசோதா என்ற சிறப்பு வழியில் போனால் சாதாரணப் பெரும்பான்மை போதும். டிரம்பின் சட்டம் அந்த வழியில்தான் போனது; 50-50 என்று சமனாகி, துணைத் தலைவர் ஜே.டி. வான்ஸின் ஒரு வாக்கில் நிறைவேறியது.

அந்தக் குறுக்கு வழிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அதில் சோஷியல் செக்யூரிட்டித் திட்டத்தைத் தொடக் கூடாது. 'பேர்ட் விதி' என்று அங்கே சொல்வார்கள். ஓய்வூதிய வரியை நேரடியாக நீக்கினால் நிதியின் வரவு மாறும், விதியில் சிக்கும். அதனால் சட்டம் எழுதியவர்கள் சுற்றிவந்தார்கள். 65 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் வருமானத்தில் 6,000 டாலர் கூடுதல் கழிவு. தம்பதி இருவரும் 65 தாண்டியிருந்தால் 12,000.

கழிவு என்றால் வரியில் 6,000 டாலர் குறையும் என்று அர்த்தமில்லை. வரி போடும் வருமானத்தில் 6,000 குறையும். பத்து சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு மிச்சம் அதிகபட்சம் 600 டாலர்தான்.

மற்ற நிபந்தனைகள்:

1. 2025 முதல் 2028 வரை நான்கு வரி ஆண்டுகளுக்கு மட்டும்.
2. வருமானம் தனிநபருக்கு 75,000, தம்பதிக்கு 1,50,000 டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகையில் ஆறு சதவீதம் கழிவிலிருந்து குறைந்துகொண்டே வரும். 1,75,000 மற்றும் 2,50,000-ல் பூஜ்யம்.
3. கணவன் மனைவி தனித்தனியாக வரித் தாக்கல் செய்தால் கிடையாது.
4. வயதுதான் தகுதி, ஓய்வூதியம் வாங்க வேண்டும் என்றில்லை. 66 வயதில் இன்னும் வேலை பார்ப்பவருக்கும் உண்டு. 62 வயதிலேயே ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவருக்கு 65 ஆகும் வரை இல்லை.

நான்காவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'சோஷியல் செக்யூரிட்டி வரி ரத்து' என்று பெயர் வைத்த ஒன்று, சோஷியல் செக்யூரிட்டி வாங்குகிறாரா என்றே கேட்பதில்லை.

நான்கு பேருடைய கணக்கு

2025 வரி ஆண்டை எடுத்துக்கொள்வோம். நால்வரும் தனிநபர்கள். 65 தாண்டியவருக்கு நிலையான கழிவு 15,750, வயதுக்கான பழைய கூடுதல் 2,000, ஆக 17,750 டாலர். புதிய 6,000 இதற்கு மேல்.

முதலாமவருக்கு வயது 72. ஆண்டுக்கு 18,000 டாலர் ஓய்வூதியம், வேறு வருமானமே இல்லை. பாதி 9,000; வரம்புக்கு வெகு கீழே. முன்பும் வரி இல்லை, இப்போதும் இல்லை. புதிய சட்டத்தால் அவருக்கு ஒரு டாலரும் கூடவில்லை.

இரண்டாமவர் 68 வயது விதவை. ஓய்வூதியம் 24,000, சேமிப்புக் கணக்கிலிருந்து எடுப்பது 20,000. கூட்டுத்தொகை 20,000 உடன் 12,000, ஆக 32,000. வரம்பைவிட 7,000 அதிகம். அதில் பாதி, அதாவது 3,500 டாலர் ஓய்வூதியம் வரிக்கு வருகிறது. மொத்தம் 23,500. கழிவு 17,750 போக 5,750 மிச்சம். பத்து சதவீதத்தில் 575 டாலர் வரி. புதிய 6,000 கழிவு வந்ததும் வரி பூஜ்யம். சட்டம் மிக நன்றாக வேலை செய்யும் இடம் இதுதான்.

மூன்றாமவருக்கு ஓய்வூதியம் 30,000, சேமிப்பிலிருந்து 60,000. ஓய்வூதியத்தில் 85 சதவீதமான 25,500 வரிக்கு வருகிறது. வருமானம் 85,500. வரம்பை 10,500 தாண்டியதால் கழிவு 630 குறைந்து 5,370 ஆகிறது. அவர் 22 சதவீத அடுக்கில் இருக்கிறார். மிச்சம் சுமார் 1,181 டாலர். ஆனாலும் ஓய்வூதியத்துக்கு வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

நான்காமவருக்கு 63 வயது. முன்கூட்டியே ஓய்வூதியம் எடுத்தார். அவருக்கு இந்தக் கழிவே இல்லை.

இனி அந்த 90 சதவீதத்துக்கு வருவோம். வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர்கள் போட்ட கணக்கு 88 சதவீதம். ஆனால் அதே கணக்கின்படி பழைய சட்டத்திலேயே 64 சதவீத மூத்தவர்கள் ஓய்வூதியத்துக்கு வரி கட்டவில்லை, முதலாமவரைப் போன்றவர்கள். சட்டம் புதிதாகச் சேர்த்தது 24 சதவீதப் புள்ளிகள். அது சின்ன விஷயமல்ல. அந்த விதவைக்கு 575 டாலர் பெரிய பணம். ஆனால் 'இனி' என்ற ஒரு சொல்லைப் போட்டு, எப்போதுமே வரி கட்டாதவர்களையும் பயனடைந்தவர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஓர் அரசு நிர்வாகம் ஓய்வூதியர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் பிரசார மேடையின் மொழி இருந்திருக்கக் கூடாது என்பது என் கருத்து.

நிதிக்கு என்ன ஆனது

2025 ஜூனில் வந்த அறங்காவலர்களின் ஆண்டறிக்கை, ஓய்வூதிய டிரஸ்ட் ஃபண்ட் 2033-ல் தீர்ந்துபோகும், அதன்பின் வரும் வரவை வைத்து 77 சதவீதத் தொகையைத்தான் கொடுக்க முடியும் என்றது. ஜூலையில் சட்டம் வந்தது. ஆகஸ்டில் சோஷியல் செக்யூரிட்டியின் தலைமைக் கணிப்பாளர் புதிய மதிப்பீட்டைத் தந்தார். 2033 முதல் காலாண்டு என்றிருந்தது 2032 கடைசிக் காலாண்டு ஆனது.

வரி விதியையே தொடவில்லை என்றால் நிதி ஏன் குறைகிறது? மொத்த வருமான வரி குறைந்தால், அதில் ஓய்வூதியத்தின் பங்காக நிதிக்குப் போகும் தொகையும் குறையும். மேலே பார்த்த விதவையின் 575 டாலரில் ஒரு பகுதி நிதிக்குப் போயிருக்க வேண்டியது. தற்காலிகக் கழிவு என்பதால் பாதிப்பு மாதக் கணக்கில் நின்றது. வாக்குறுதியை அப்படியே நிறைவேற்றியிருந்தால் வரவு நிரந்தரமாக நின்றுபோயிருக்கும்.

தீர்ந்துபோவது என்றால் ஓய்வூதியமே நின்றுவிடும் என்று இளைஞர்கள் பலர் நம்புகிறார்கள். அது தவறு. சம்பள வரி வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் கையில் இல்லாத பணத்தைக் கொடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. மாதம் 2,000 டாலர் வாங்குபவருக்குச் சுமார் 1,540 வரும். ஏழைக்கும் பணக்காரருக்கும், 66 வயதுக்கும் 91 வயதுக்கும் ஒரே வெட்டு.

அதனால்தான் 'தொட மாட்டேன்' என்பதை நடுநிலையான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. எதையும் தொடாமல் விட்டால் சட்டமே வெட்டும். 1983-க்குப் பின் வந்த எந்தத் தலைவரும் பெரிய திருத்தத்தை முடிக்கவில்லை. ஜார்ஜ் புஷ் 2005-ல் தனிக் கணக்குகள் என்ற யோசனையோடு நாடு முழுக்கச் சுற்றினார். அவர் கட்சியே பின்வாங்கியது. அதிலிருந்து எல்லோரும் கற்ற பாடம், தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்பது.

மற்றவர்கள் எந்தப் பக்கம்

வழிகள் உண்மையில் கொஞ்சம்தான். வரவைக் கூட்டலாம், செலவைக் குறைக்கலாம், அல்லது பொதுக் கடன் வாங்கி நிரப்பலாம். 2025 அறிக்கையின்படி, அடுத்த 75 ஆண்டுக்கான பற்றாக்குறையை வரியால் மட்டும் மூட வேண்டுமென்றால் 12.4 சதவீதத்தை உடனே 16.05 ஆக்க வேண்டும். ஓய்வூதியத்தால் மட்டும் மூட வேண்டுமென்றால் எல்லோருக்கும் உடனே 22.4 சதவீதம் குறைக்க வேண்டும். எந்த வேட்பாளரும் மேடையில் சொல்லும் எண்கள் அல்ல இவை.

ஜோ பைடன் 2020-ல் சொன்னது, ஆண்டுக்கு நான்கு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் அந்தக் கூடுதல் தொகைக்கும் சம்பள வரி கட்ட வேண்டும் என்பது. இது நிதியைக் கொஞ்ச காலம் நீட்டிக்கும். முழுப் பள்ளத்தையும் மூடாது. அவரும் பதவியில் இருந்தபோது அதை நிறைவேற்றவில்லை. மாறாக, 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடியும் முன், சில அரசு ஊழியர்களின் ஓய்வூதியக் குறைப்பு விதிகளை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். இரு கட்சிகளும் ஆதரித்தன. அதனாலும் நிதியின் செலவு கூடியது.

குடியரசுக் கட்சியின் 2024 வேட்பாளர் தேர்வில் டிரம்பை எதிர்த்துப் போட்டியிட்ட நிக்கி ஹேலி, இப்போது இருபதுகளில் இருப்பவர்களுக்கு ஓய்வு வயதை உயர்த்த வேண்டும், பணக்காரர்களுக்குக் கிடைக்கும் ஓய்வூதியத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார். பிடிக்கிறதோ இல்லையோ, யாரிடமிருந்து எடுப்பேன் என்று சொன்னவர். அவர் தோற்றதற்குக் காரணங்கள் பல; இது அவருக்கு உதவவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு

எச்-1பி விசாவில் இருப்பவர்களும் இந்த 6.2 சதவீதத்தைக் கட்டுகிறார்கள். ஓய்வூதியத் தகுதிக்கு 40 புள்ளிகள், அதாவது குறைந்தது பத்து ஆண்டு வேலை வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. எனவே எட்டு வருடம் கட்டிவிட்டு ஊர் திரும்புபவருக்கு ஓய்வூதியமும் இல்லை, கட்டிய பணமும் திரும்பாது. கட்சி மேடைகளில் இது பெரிதாகப் பேசுபொருள் ஆனதில்லை, வாக்குரிமை இல்லாதவர்கள்தானே.

பெற்றோரை அழைத்துவந்து வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 6,000 டாலர் கழிவு வரி தாக்கல் செய்பவருக்கும் கூட்டாகத் தாக்கல் செய்யும் துணைக்கும் மட்டும்தான். அப்பா அம்மாவை டிபெண்டன்ட் (தன்னைச் சார்ந்திருப்பவர்) என்று காட்டும் மகனோ மகளோ தங்கள் படிவத்தில் இதைக் கழிக்க முடியாது.

இனி வரும் தேதிகள்

கழிவு 2028 வரி ஆண்டோடு முடிகிறது. அது அடுத்த அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டு. நீட்டிக்கிறேன் என்று இரு கட்சிகளும் போட்டி போடும் என்று எதிர்பார்க்கலாம். நீட்டித்தால் நிதி இன்னும் கொஞ்சம் முன்னதாகக் கரையும். அந்தத் தேர்தலில் ஜெயிப்பவரின் பதவிக்காலம் 2033 ஜனவரி வரை. 2026 நவம்பரில் முழுப் பதவிக்காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் செனட்டர்களின் ஆறு ஆண்டுகளும் அதே மாதம்தான் முடிகின்றன. தலைமைக் கணிப்பாளர் குறித்த 2032 கடைசிக் காலாண்டில் இவர்கள்தான் நாற்காலியில் இருப்பார்கள்.